முழு விலாசம்

டி.வி.யில் ஹாங்காங்கில் ஏதோ ஒரு அடுக்குமாடி எரிந்துகொண்டிருந்தது. கீழே 'கோல்டன் லேக் கார்டன்' என்று பேர் ஓடியது.

இங்கே தீவில், கராச்சர்மாவில் இருந்த தங்கள் வீட்டில் ஆவுடையப்பனும் அவர் மனைவி ராசம்மாவும் நின்றபடியே பார்த்தார்கள். உட்காரத் தோன்றவில்லை.

மகள் சுதா அந்த ஊரில்தான் ஒரு சீனக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவள் போன் முதலில் அடித்து அடித்து ஓய்ந்தது. அப்புறம் அடிக்கவே இல்லை.

"நம்ம புள்ள இருக்கது ஃபூ வா ஹவுஸுல்லா. இது என்னமோ கார்டன்ங்கான். நீங்க பிபிய ஏத்திக்கிடாதிய," என்றாள் ராசம்மா.

"ஆமா, இது வேற பில்டிங்கு."

வாய் கூசாமல் பொய் சொன்னார் ஆவுடையப்பன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். வேலைக்காலத்தில் குடியிருந்த ஹேடோ குவார்ட்டர்ஸில் ஒரு கட்டடத்துக்கு ஒரு நம்பர், அத்தோடு சரி. ஹாங்காங்கில் அப்படி இல்லையாம். வளாகம் முழுசுக்கும் ஒரு பேர், உள்ளே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிப் பேர். சுதாதான் ஒருநாள் போனில் சொல்லிச் சிரித்தாள். வாசலில் கோல்டன் லேக் கார்டன் என்று தங்க எழுத்தாம். உள்ளே ஏரியும் கிடையாது, தோட்டமும் கிடையாது, ஃபூ வா ஹவுஸும் அதன் அண்ணன் தம்பிகளும்தான்.

அன்றைக்கு ராசம்மா கடைக்குப் போயிருந்தாள். அதுவும் நல்லதுக்குத்தான். அவளாவது கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கட்டும்.



முகம் கழுவப் போகிறவர்போலப் பின்பக்கம் போய் மறுபடியும் போன் அடித்தார். சுவிட்ச் ஆஃப். இந்தக் கடலுக்கு நடுவே இருந்துகொண்டு யாரைப் பிடிப்பது, என்னவென்று கேட்பது? ஒரு வழியும் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்தபோது டி.வி. அணைந்திருந்தது.

சாமி படத்துக்கு முன்னால் ராசம்மா நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தாள். ஆட்டோக்காரனுக்கு வழி சொல்வதுபோல முருகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கோல்டன் லேக் கார்டன், முருகா. கேட்டத் தாண்டி உள்ள போனா ஃபூ வா ஹவுஸு. ஜல்தி போயிரு, வழி தப்பிராத."

எப்போது தெரிந்துகொண்டாளோ.

ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் போய் விழுந்தார். எத்தனாவது மாடி என்பதை அவர் சொன்னார்.