ஃப்ரீ டிக்கெட்

பெங்களூருக்குக் குடிவந்த மறுநாளே மிருதுளா விவேக் நகரில் பஸ் ஏறினாள். பெண்களுக்கு இலவசமாயிற்றே! ஜம்பமாக ஆதார் கார்டை நீட்டினாள்.

கண்டக்டர் கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "உங்களுக்கு ஃப்ரீ ஆகாதும்மா."

மிருதுளாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்கேயும் ஆரம்பிச்சாச்சா? திருநங்கைன்னா பொம்பளை இல்லையா? ஆபரேஷன் பண்ணி, பேர் மாத்தி, இந்தக் கார்டு வாங்க நான் பட்ட பாடு தெரியுமா உங்களுக்கு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் திருதிருவென்று விழித்தார்.

"அய்யோ, அதை யாரும்மா கேட்டா? அட்ரஸ் சேலம்னு இருக்கு. கர்நாடகா பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ. வெளியூர்ப் பொம்பளைங்க காசு கொடுக்கணும்."

மிருதுளாவுக்கு முகமெல்லாம் பல்.

"அப்போ வெளியூர்ப் பொம்பளைக்கு ஒரு டிக்கெட் கொடுங்கண்ணா!"