கெட்டுப்போன வேலை

ஜெருசலேமில் வெள்ளிக்கிழமை மதியம். சந்தையில் தொலைத்த பர்ஸை மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்த ஓவாத்யாவை, தீர்சா வெறுங்கையோடு விடுவதாக இல்லை.

“இந்த நூறு ஷெக்கலைப் பிடிங்கண்ணே.”

“வேணாம்மா. தொலைஞ்சதைத் திருப்பிக் குடுக்கறது கடவுள் கட்டளை. அதுக்குக் காசு வாங்கக் கூடாது.”

“எனக்கும் தெரியும். ஆனா அதனால வேலை கெட்டா, அந்தக் கூலியை வாங்கலாம்னும் நம்ம வேதச் சட்டத்துல இருக்கே. வேலையை விட்டுட்டுத்தானே வந்தீங்க?”

“ஆமா. சாயங்காலம் ஓய்வுநாள் பிறக்கறதுக்கு முந்தி இதுதான் நல்ல வரும்படி நேரம். வீட்டுக்கு இன்னும் ரொட்டிகூட வாங்கலை.”

“அப்புறம் என்ன பிடிவாதம்? அந்த வேலையைச் செய்யாம சும்மா உட்கார என்ன கேப்பீங்களோ, அதான் சட்டப்படி கூலி. சொல்லுங்க.”

ஓவாத்யா தலையைச் சொறிந்தார். “என் வேலையே சும்மா உட்கார்றதுதாம்மா. சந்தை வாசல்ல பிச்சை எடுக்கறேன்.”

தீர்சா தலையில் அடித்துக்கொண்டாள். “இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? இந்தாங்க, தர்மமா வச்சுக்கோங்க.”

“தர்மம்னா வாங்கிக்குவேன். ஆனா இங்க வாங்கினா பர்ஸுக்கு வாங்கின மாதிரி ஆயிடும். என் இடத்துல வந்து போடுங்க.”

தீர்சா அடுப்பை அணைத்தாள்.

“பக்கத்துல உட்கார்ந்திருக்கறவனுக்கும் போடணும்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்று திட்டிக்கொண்டே, முழங்கால் வலியோடு அவர் பின்னால் படி இறங்கினாள்.