சதைப்பிடிப்பு

சுகந்தி குடுவையில் வளர்த்த பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை ஏராளம். நைட்ரஜனை மட்டும் வேண்டுமென்றே நிறுத்தியிருந்தாள். அது இல்லாமல் அவற்றால் பெருக முடியாது. ஒன்று இரண்டாகாமல், தின்றதையெல்லாம் கொழுப்பாக்கி உள்ளே அடுக்கிக்கொண்டு தனித்தனியே கிடந்தன. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் துளிகள் விளக்குபோல் எரிந்தன.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரிலிருந்து அத்தை வீடியோவில் அழைத்தாள்.

"அடியே, கன்னமெல்லாம் உப்பிக் கெடக்கு! போன வருஷம் குச்சியாட்டம் பிளேன் ஏறுனவளா நீ? நல்லா சதை போட்டுட்ட. அங்க உனக்கு ஒரு குறையும் இல்லபோல."

சுகந்தி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.

"ஆமா அத்த," என்றாள்.

தொண்டை கரகரத்தது. அன்று அவள் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.