கழுகுக் கண்

மூளை ஸ்கேன் படங்களில் முப்பது வருடமாக எதையும் தவறவிட்டதில்லை என்பதால் பெரிய டாக்டருக்குக் 'கழுகு' என்றே பெயர். அன்று காலைதான் புது மென்பொருள் வந்திருந்தது. ஊசியில் ஏற்றிய மருந்து மூளையில் எங்கே ஊறியிருக்கிறதோ, அந்த இடத்தை, அதாவது கட்டி இருக்கும் இடத்தை, பச்சை நடுவே சிவப்பாகக் காட்டும்.

மதிய ஷிப்டுக்கு அப்போதுதான் வந்த டெக்னீஷியன் பெண், டாக்டருடைய தம்பியின் படத்தைத் திரையில் பார்த்தாள். கோலிக்குண்டு அளவுக்குச் சிவப்பு.

"சுத்தமா இருக்கு. வீட்டுக்குப் போகச் சொல்லும்மா" என்றார் டாக்டர்.

"சார், சொந்தத் தம்பிங்கிறதுக்காக மறைக்கலாமா?"

"நான் எதை மறைச்சேன்?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

அவள் படத்தைப் பழைய கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாள். அதே இடத்தில் வெள்ளைக் குண்டு. டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பொறந்ததுலேருந்து எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான்மா தெரியும். இந்த வேலைக்கு அது ஒரு குறையாவே இருந்ததில்ல."

மேஜைமேல் இருந்த பதிவேட்டை அவர் அவள் பக்கம் தள்ளினார்.

"காலையிலேருந்து கலர்ல பாத்து, எத்தனை பேருக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தேன்?"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள்.

"பதினேழு பேருக்கு சார்."