புது மாடல்

1998. ராயபுரத்துப் பனியன் கம்பெனி அலுவலகத்தில் காலை வெயில் மேசைமேல் விழுகிறது. முதலாளி மாரப்பன் வாங்கி வந்த புது மாடல் லேப்டாப் அங்கே திறந்திருக்கிறது. பழையதில் உருட்டுவதற்கு ஒரு குண்டு இருந்தது. இதில் அந்த இடத்தில் வழவழப்பான ஒரு சிறு சதுரம். விரலால் தடவினால் திரையில் அம்புக்குறி ஓட வேண்டும். அஜீஸுன்னிசா தடவுகிறாள். ஓடவில்லை. எட்டு வருடம் இஸ்திரிப் பிரிவில் நின்று, டைப்பிங் படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள் அவள். சூட்டில் காய்த்துப்போன விரல்நுனியை அந்தச் சதுரம் விரலென்றே ஏற்கவில்லை. எச்சில் தொட்டுத் தடவுகிறாள். அம்பு ஒருமுறை துள்ளி நின்றுவிடுகிறது. "கையைக் காட்டு கண்ணு," என்கிறார் மாரப்பன். காட்டுகிறாள். பக்கத்திலிருக்கும் ஏஜெண்டிடம், "பாருங்க, கருங்கல்லாட்டம்," என்று சிரித்தபடி தன் விரலை வைக்கிறார். அம்பு ஓடுகிறது. கதவருகே நிற்கும் புதுப் பெண்ணைக் காட்டி அஜீஸுன்னிசாவிடம் சொல்கிறார்: "நீ மறுக்கா அயனிங்குக்கே போயிரு. அதுக்கு முன்னால எந்த ஆர்டர் எங்கிருக்குதுன்னு இந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடு." அந்தப் பெண் நாற்காலியில் உட்காருகிறாள். அஜீஸுன்னிசா பின்னால் நின்று திரையில் விரல்வைத்துக் காட்டுகிறாள். "ஸ்கிரீனைத் தொடாத, கீறல் உழுந்துரும்," என்கிறார் மாரப்பன். அவள் கையை மடக்கிக்கொள்கிறாள். "மேலிருந்து மூணாவதுங்க," என்கிறாள் அந்தப் பெண்ணிடம்.