முதுகுக்குப் பின்னால் ஒரு வரி

பழைய கோயில் சுவரில் முதுகை ஒட்டி, மணல் பீய்ச்சும் குழாய்க்கு நேராக நிற்கிறாள் பிராகாரம் பெருக்குகிறவள். காலை வெயிலில் கல்லெழுத்துகளின் பள்ளங்கள் கறுத்துத் தெரிகின்றன. "நகரு, அக்கா! சுவத்தைச் சுத்தம் பண்ணத்தானே வந்திருக்கேன்?" மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்துகிறான் குழாய்க்காரன். "சுத்தம் பண்றது என் வேலை, தம்பி. நீ அழிக்க வந்திருக்க." அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கல்வெட்டு வாசிக்க வந்தவர் நேற்று விரல் வைத்துக் காட்டிய வரி தெரியும்: எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பெருக்கியவள் ஒருத்தி, சந்நிதிக்கு ஒரு விளக்கு தந்திருக்கிறாள். "ராஜா பேரு எல்லாச் சுவத்துலயும் இருக்கு. இவ பேரு இங்க மட்டும்தான்யா இருக்கு!" துடைப்பத்தைத் தரையில் ஊன்றுகிறாள். மோட்டார் நிற்கிறது. குழாயைக் கீழே போட்டுவிட்டு அருகே வருகிறான். "எந்த வரி, அக்கா?" அவள் நகரவில்லை, தோளை மட்டும் கொஞ்சம் விலக்கிக் காட்டுகிறாள்.