இருக்கைக்கு அடியில் சிவப்பு ஒயர்

சாவியைத் திருப்பியதுதான் தாமதம், புது ஃபியூஸும் பட்டென்று போனது.

மெக்கானிக் புல் வெட்டும் வண்டியிலிருந்து இறங்கி, சீட்டைத் தூக்கிப் பார்த்தான்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பிளக்கின் இரண்டு ஓட்டைகளையும் சேர்த்து, விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர் செருகியிருந்தது. அது இரும்புச் சட்டத்தில் உரசி உரசித் தோல் போய், உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டியது.

ஃபியூஸ் ஏன் போகிறது என்று தெரிந்துவிட்டது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

அந்த வண்டியில் மனிதன்மேல் அக்கறை உள்ள பொருள் அந்த ஸ்விட்ச்தான். ஓட்டுகிறவர் சீட்டைவிட்டு எழுந்தாலும், தவறி விழுந்தாலும், அந்த நொடியே எஞ்சினை நிறுத்திவிடும். ஒயர் போட்டு அதை ஏமாற்றிவிட்டால், ஆள் கீழே கிடந்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

போன வருடம் பக்கத்து மைதானத்தில், சிக்கிய புல்லை எடுக்கிறேன் என்று ஒருவன் இப்படித்தான் இறங்கினான். அந்த வண்டியைப் பிறகு கழுவிக் கொடுத்தது இவன்.

இந்த வண்டியை ஓட்டுகிறவர் இவனுடைய அக்கா புருஷன்.

“மாமா! இங்க வாங்க!”

ஷெட்டுக்கு வெளியே குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மாமா மெல்ல உள்ளே வந்தார். அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட தடித்த கோட்டு.

மெக்கானிக் சிவப்பு ஒயரைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

“யாரு பண்ண வேலை இது? கையோ காலோ போச்சுன்னா எங்கக்காவுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?”

மாமா தரையைப் பார்த்தார்.

“ஓட்டும்போது அப்பப்ப நின்னுடுது மாப்ளே.”

நின்றுவிடுகிறதாம்! எல்லா டிரைவர்களும் சொல்லும் கதைதான். இஷ்டத்துக்கு இறங்கி ஏற வேண்டும், சிகரெட் பிடிக்க வேண்டும், திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சோம்பல். பழி ஸ்விட்ச் மேல்.

பிளக்கை ஸ்விட்சில் மாட்டினான். இன்னொரு ஃபியூஸைப் போட்டுத் தானே ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் பிடித்தது. பிரேக்கை விட்டான். ஓடியது. சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பினான். படக்கென்று நின்றது.

ஸ்விட்சில் ஒரு கோளாறும் இல்லை, கல்லு மாதிரி இருந்தது.

“இப்ப நீங்க உக்காருங்க. எப்படி நிக்குதுன்னு நானும் பாக்கறேன்.”

மாமா காலைத் தூக்கிவைத்து ஏறுவதற்குள் இரண்டு தடவை சறுக்கினார். நடிக்கிறார் என்று பல்லைக் கடித்தான் மெக்கானிக்.

எஞ்சின் பிடித்தது. பிரேக் போட்டிருக்கும்வரை ஸ்விட்ச் குறுக்கே வராது; பிரேக்கை விட்டதும் நின்றது.

மறுபடி. மறுபடியும் நின்றது.

“ஒழுங்கா பின்னாடி தள்ளி உக்காருங்க!” கத்திக்கொண்டே அவர் தோளைப் பிடித்து அழுத்தினான்.

எஞ்சின் ஓடியது.

கையை எடுத்தான். நின்றது.

திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லி, திரும்ப அழுத்தினான். இந்தத் தடவைதான் கைக்குத் தெரிந்தது. தடித்த கோட்டு, அதற்குள் ஒரு ஸ்வெட்டர், அதற்குள் இன்னொன்று. அதற்கும் உள்ளே எலும்பு.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கையை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தினமும் பார்க்கிற மனிதர். முகம் ஏன் இப்படி வற்றிப்போச்சு என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. பல் வலி என்றார். இவனும் விட்டுவிட்டான்.

“அக்காவுக்குத் தெரியுமா?” குரல் இன்னும் சண்டைக் குரலாகவே இருந்தது.

மாமா எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எங்க ஒயர் செருகறது? அவதான் வந்து மாட்டிவிட்டா. வேலை போச்சுன்னா நான் படுத்துருவேன்னு பயம் அவளுக்கு.”

அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, ஊர்க்கதை எல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற அக்கா.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரை வீசினான். தகரச் சுவர் அதிர்ந்தது. யார்மேல் வீசினான் என்று அவனுக்கே தெரியாது.

இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஸ்பிரிங் டப்பாவைக் காலால் இழுத்துக் கவிழ்த்தான். சீட்டைத் தாங்கும் கனத்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லியதாகப் போட்டால், குறைந்த எடைக்கும் ஸ்விட்ச் அமுங்கும். ஒயர் வேண்டாம். ஆள் விழுந்தால் வண்டி நிற்கும்.

“இப்ப எடை எவ்வளவு?” முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

மாமா சொன்னார்.

மெக்கானிக் கொட்டிக் கிடந்த ஸ்பிரிங்குகளைக் கிளறினான். பிறகு ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். சரியாக இருந்தது. சீட்டுக்கு அடியில் பொருத்தப் போனவன், பாதியில் நின்றான்.

“இன்னும் குறையுமா?”

“குறையும்னுதான் டாக்டர் சொல்றாரு.”

அந்த ஸ்பிரிங்கைத் தரையில் விட்டெறிந்துவிட்டு, அதைவிட மெல்லியதைத் தேட ஆரம்பித்தான்.